ஒரே மையில் மூன்று தேதிகள்

ராசம்மாள் அத்தையைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுவது நல்லது. என் பெயர் பகலவன். கரைவெளி கிராமத்துத் தலையாரி. இப்போது கிராம உதவியாளர் என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். பெயர்தான் மாறியது, அலைச்சல் மாறவில்லை. ஊரில் யார் பிறந்தது, யார் செத்தது, எந்த வயலில் தண்ணீர் தேங்கியது, எவன் வாய்க்கால் கரையை வெட்டித் தன் வரப்போடு சேர்த்துக்கொண்டான் என்று வி.ஏ.ஓ. கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டியவன். இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரே ஒரு தடவை, சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. இவ்வளவு பேச்சும் அதற்குத்தான்.

அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவள் இல்லை. ஒரே தெரு, முறைக்கு அத்தை. நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போகிறவள். இருபது பெண்கள் வரிசை கட்டி நின்றால் வரப்போரம் முதல் ஆளாக அவள்தான் இறங்குவாள். வாய் இருக்கிறதே வாய், அதற்கு மேட்டூர் அணை கட்டினாலும் நிற்காது. ஒருமுறை, நட்டு முடித்தால்தான் டீ என்று பண்ணையில் சொல்லிவிட்டார்கள். கையில் இருந்த நாற்று முடியைச் சேற்றில் செருகிவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தாள். மற்ற பத்தொன்பது பேரும் உட்கார்ந்தார்கள். கால் மணி நேரத்தில் டீ வந்தது, கூடவே பன்னும் வந்தது. எனக்கு வேலை கிடைத்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, “ஏன் மருமவனே, கவர்மெண்டு சம்பளம் ஒனக்கா, ஒன் சைக்கிளுக்கா?” என்பது.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. யாரும் கூலி கொடுத்துச் செய்யச் சொன்னதில்லை. ஊரில் ஒரு பெண் செத்தால் குளிப்பாட்டுவது அத்தைதான். செய்தி கேட்ட மாத்திரத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். குளிப்பாட்டும்போது செத்தவளோடு பேசுவாள். “திரும்பு ஆத்தா, முதுகு தேய்க்கணும்ல” என்பாள். மறைப்புக்கு வெளியே நிற்கிற எங்களுக்கும் அது கேட்கும்.

புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. அறுபத்தைந்து வயதில் முழங்கால் கைவிட்டது. அதே சமயத்தில் நடவு மெஷினும் ஊருக்குள் வந்துவிட்டது. மெஷின் நடுவதை வரப்பில் நின்று பார்த்துவிட்டு, “வளைஞ்சு வளைஞ்சு போவுது பாரு, குடிச்சவன் கோலம் போட்ட மாதிரி” என்று திட்டினாள். திட்டி என்ன ஆகப்போகிறது. ரேஷன் அரிசி இருந்தது, அதற்குக் குழம்பு வைக்க எதுவும் இல்லை. முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான்தான். மாசம் ஆயிரத்து இருநூறு.

மனு தாலுகா ஆபீசுக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. உதவித்தொகை பார்க்கிற தனி தாசில்தார் மேடம் நல்ல பெண்தான், ஆனால் முகத்தில் எப்போதும் தூக்கம் பற்றாத களைப்பு. “தகுதியெல்லாம் சரிதான் பகலவன். நிதி ஒதுக்கீடு இத்தனை பேருக்குத்தான்னு மேலேருந்து கட்டுப்பாடு. யாராவது கழிஞ்சாத்தான் புதுசா ஒருத்தரைச் சேக்க முடியும். இவங்க ஏழாவது” என்றார். நான் ஊருக்கு வந்து அத்தையிடம் அதைச் சுருக்கமாகச் சொன்னேன். கடைவீதியில் நாலு பேர் நிற்கும்போது, பெரிய ரகசியம் தெரிந்தவன் மாதிரிச் சொன்னேன்.

“ஏழாவது நம்பர் அத்தை. ஆள் போனாத்தான் ஆள்.”

அவள் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.  பிறகு முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அடுத்த மாதம் நல்லக்கண்ணு தாத்தா செத்தார். அவரும் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தவர். ஆண் சாவுதான், குளிப்பாட்ட வேண்டியதில்லை. ஆனாலும் தண்ணீர் தூக்க, பெண்களுக்குக் காப்பி போட அத்தை போனாள். பந்தலில் உட்கார்ந்திருந்த ஒருத்தன், “என்ன அத்தை, ஒரு நம்பர் கொறஞ்சிருச்சு போலருக்கே” என்றான். கேலிதான். சாவு வீட்டில் இதைவிட மோசமான கேலியெல்லாம் நடக்கும். அத்தை குடத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அதோடு சாவு வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள், நேரில் வந்தும் அழைத்தார்கள். “நான் வந்தா எண்ணிப் பாக்க வந்தேம்பாளுவ. போங்க” என்று கதவைச் சாத்தினாள். ஊரில் பெண் பிணங்களை ஆளுக்கு ஆள் தயங்கித் தயங்கிக் குளிப்பாட்டினார்கள். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து, ஆவணியில் உத்தரவு வந்தது. இரண்டு கையாலும் வாங்கினாள். பெயரை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு கேட்டாள்: “இந்த மாசம் நம்ம ஊர்ல சாவு இல்லியே. யாரு போனா?”

“தாலுகா முழுக்க ஒரே லிஸ்ட்டு அத்தை. எங்கயோ யாரோ.”

“எங்கயோ யாரோன்னா? பேரு இருக்குமுல்ல?”

மூன்று நாள் விடவில்லை. ரேஷன் கடையில் கேட்டாள், டீக்கடையில் கேட்டாள், நான் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது வீட்டு வாசலில் வந்து நின்று கேட்டாள். எனக்கும் கோபம் வரும், நானும் மனுஷன்தானே. போனை எடுத்து அந்த மாதத்து நீக்கப் பட்டியலைத் திறந்தேன். ஊர், பெயர், வயது மட்டும் இருந்தன, நீக்கிய காரணம் இல்லை. பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்றை எடுத்து அவள் முன்னால் போட்டேன்.

“கொல்லுமேடு, சைத்தூன் பீவி, வயசு எழுபத்தொண்ணு. போதுமா? போய் நிம்மதியா சாப்புடு.”

நீக்கம் என்றால் எங்கள் ஆபீஸ் பாஷையில் பத்துக்கு எட்டு சாவு. அந்தத் தைரியத்தில் சொன்னது. அத்தை அந்தப் பெயரை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

முதல் பணம் வந்த நாளில், பேங்க் பெண் மிஷினில் கைரேகை வாங்கிக்கொண்டு போனதும், அத்தை வீட்டில் அடுப்பு எரிந்தது. எட்டிப் பார்த்தேன். கொல்லையில் இரண்டு இலை போட்டிருந்தாள். ஒன்று புருஷனுக்கு, சோறும் கருவாட்டுக் குழம்பும். இன்னொன்றில் சேமியா பாயசம்.

“அவங்க பெருநாளுக்கு சேமியாதான செய்வாங்க?” என்றாள்.

“அவங்க படையல் போட மாட்டாங்க அத்தை. பாத்திஹா ஓதுவாங்க.”

“அது எனக்கு ஓதத் தெரியாது. அவ சோத்த நான் திங்கிறேன். ஒரு இலை போடாம எப்படித் திங்கிறது?”

படையலைக் காக்கை எடுத்தால் போனவர் ஏற்றுக்கொண்டார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. காக்கை வந்தது. புருஷன் இலையில் கருவாட்டைக் கொத்தியது. அடுத்த இலைக்குத் தத்தி வந்தது, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, பறந்துவிட்டது.

“காக்காவுக்கு சேமியா வழுக்கும் அத்தை, வேற ஒண்ணுமில்ல” என்று சிரித்தேன்.

அடுத்த மாதம் நெய்ச்சோறு வைத்தாள். காக்கை தொடவில்லை. அதற்கடுத்த மாதம் அவித்த முட்டை. அதையும் தொடவில்லை. “முட்டைய விட்டுட்டுப் போற காக்காவ எங்கயாவது பாத்திருக்கியா மருமவனே?” என்று அவள் கேட்டபோது அதில் கேலி இல்லை. 

அதற்குப் பிறகு அவள் மெலிந்துகொண்டே வந்தாள். உச்சி வேளையில் வாசலில் யாரோ வந்து நிற்பதாகச் சொன்னாள். செருப்புச் சத்தம் கேட்கிறது, எழுந்து போய்ப் பார்த்தால் ஆள் இல்லை என்றாள். “கோவத்துல இருக்கா அந்தம்மா. நான் நம்பர் வாங்கிட்டு உக்காந்திருந்தது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள். வெயிலில் வந்து நிற்கிறவளுக்குத் தாகமாக இருக்கும் என்று ஒரு சொம்புத் தண்ணீரை வாசலில் வைக்க ஆரம்பித்தாள். ராத்திரி பயம் என்றால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். பட்டப்பகல் பயத்துக்கு என்ன செய்வது?

தை மாதம். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. நல்ல மத்தியானம். அத்தை வாய்க்கால் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தாள். நான் வயல் பக்கமிருந்து பைக்கில் வந்துகொண்டிருந்தேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் அத்தைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணுக்குப் பெரிய கறுப்புக் கண்ணாடி. அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் போய் வண்டியை நிறுத்தினேன். அத்தை என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

“கை சூடா இருக்கு மருமவனே.”

“யாரு அத்தை இவங்க?”

“கொல்லுமேடாம். சைத்தூன் பீவியாம். தலையாரி வீடு எதுன்னு கேக்குறாங்க.”

எனக்குக் காலுக்குக் கீழே பைக் ஸ்டாண்டு நழுவியது. எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது.

கொல்லுமேட்டுக்குத் தலையாரி கிடையாது. இருந்தவர் ஓய்வு பெற்றுப் போனபின் அந்த இடத்தை நிரப்பவில்லை, அதற்கும் நிதி இல்லை. எங்கள் வி.ஏ.ஓ.வுக்குத்தான் கூடுதல் பொறுப்பு, அப்படியென்றால் எனக்கும். அத்தைக்கு உத்தரவு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஆனியில், பட்டியலில் தகுதி இல்லாதவர்களைச் சலித்து எடு, அப்போதுதான் புதியவர்களுக்கு இடம் வரும் என்று உத்தரவு. கொல்லுமேட்டில் அறுபத்து மூன்று பெயர். ஒரே நாளில் முடித்தேன். ஒரு பச்சைக் கதவில் பூட்டுத் தொங்கியது. எங்கள் ஊர்ப் பூட்டு என்றால் சாவி எந்த வீட்டில் இருக்கிறது, ஆள் எந்த ஊருக்குப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த ஊர்ப் பூட்டு எனக்கு வெறும் பூட்டுதான். பக்கத்து வீட்டில்கூடக் கேட்கவில்லை. வெவ்வேறு மூன்று நாட்கள் போய்ப் பார்த்து மூன்று தேதி போட வேண்டும் என்று படிவத்தில் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பேனாவால், மூன்று தேதியையும் போட்டேன். ‘வீடு பூட்டு, ஆள் இல்லை.’ எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று சொல்லலாம். சொல்லி என்ன பயன்.

பீவிம்மாவோ அன்று ஒரு நாள் கண் முகாமுக்குப் போயிருக்கிறார். இரண்டு வாரம் கழித்து ஆப்பரேஷனுக்காகத் தோப்புத்துறையில் மகள் வீட்டுக்குப் போனவர், கண்ணில் சீழ் வைத்து, ஐந்து மாதம் அங்கேயே இருக்கும்படி ஆகிவிட்டது. திரும்பி வந்தால் பணம் இல்லை. ஆபீசில் போய்க் கேட்டால் ஆளே இல்லை என்று எழுதியிருக்கிறது என்றார்களாம். “நான் இல்லேன்னு யாரு பாத்தாங்கன்னு கேக்கலாம்னு வந்தேன்” என்றார். சத்தம் போடவில்லை. கண்ணாடிக்குள்ளிருந்து என்னைத்தான் பார்த்தாரா என்றும் தெரியவில்லை.

அத்தை இன்னும் கையை விடவில்லை. “பீவி, நான் ஒங்களுக்குப் படையல் போட்டுட்டேன்” என்றாள்.  “உசுரோட இருக்கறவளுக்கு மூணு மாசம் படையல் போட்டுட்டேன். நான் என்ன பாவி.”

பீவிம்மா இன்னொரு கையால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, “என்ன வச்ச?” என்று கேட்டார்.

“சேமியா.”

“சீனியா வெல்லமா?”

“வெல்லம்.”

“அதான். எனக்கு வெல்லம் ஆவாது” என்றார்.

அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். ஆறு மாதத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரித்து முடித்துவிட்டு முடிவாகச் சொன்னாள்: “மருமவனே, திங்கக்கெழம மூணு பேரும் ஆபீசுக்குப் போறோம். என் பேர எடுத்துட்டு இவங்க பேரப் போடச் சொல்லு.”

போனோம். மேடம் இரண்டு கிழவிகளையும் உட்காரவைத்து, பொறுமையாகத்தான் சொன்னார். “அம்மா, உங்க பேர நான் எடுத்தாலும் அந்த இடம் இவங்களுக்கு வராது. லிஸ்ட்ல அடுத்து யார் இருக்காங்களோ அவங்களுக்குத்தான் போகும். இவங்க புதுசா மனு குடுக்கணும். இப்ப குடுத்தா நாப்பத்தொண்ணாவது.”

“அப்ப நான் விட்டுக் குடுத்தாலும் இவங்களுக்கு இல்லியா?”

“இல்லம்மா.” மேடம் பழைய படிவத்தை எடுத்துப் பார்த்தார். “ஒரே ஒரு வழி இருக்கு. கள அறிக்கையே தப்புன்னு வந்துச்சுன்னா, வரிசை பாக்காம இவங்களைத் திரும்பச் சேத்துடலாம்.” என் பக்கம் திரும்பினார். “பகலவன், மூணு தேதியிலயும் போனீங்களா?”

பீவிம்மா சொன்னார்: “தம்பி எழுதியிருக்க ரெண்டாவது தேதியும் மூணாவது தேதியும் நான் வீட்லதான் இருந்தேன். அன்னைக்கெல்லாம் பூட்டே போடல.”

மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும், மை ஒன்றாக இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம். தப்பு என்று எழுதிக் கொடுத்தால் எனக்குக் குற்றக் குறிப்பாணை வரும். சஸ்பெண்டு ஆகலாம். மகள் இசைவாணி தஞ்சாவூரில் நர்சிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இதெல்லாம் அப்போது நினைத்தேனா, இல்லை பிறகு கோத்துக்கொண்டேனா, தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

“போனேன் மேடம்.”

பஸ்ஸில் திரும்பினோம். கொல்லுமேட்டில் பீவிம்மா இறங்கிக்கொண்டார். எங்கள் நிறுத்தத்தில் இறங்கி மதகு வரை நடந்த பிறகுதான் அத்தை கேட்டாள். “மூணு நாளும் போனியா மருமவனே?”

நான் அங்கே விட்டிருந்த பைக்கை உதைத்துக் கிளப்பினேன். அந்தச் சத்தத்தில் கேட்காத மாதிரி வந்துவிட்டேன். அவள் அதை மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருக்கலாம். செருப்பால் அடித்துக்கூடக் கேட்டிருக்கலாம்.

அடுத்த பணத்தில் பாதியை எடுத்துக்கொண்டு அத்தை கொல்லுமேட்டுக்குப் போனாள். பீவிம்மா வாங்கவில்லை. “எனக்குப் பிச்சை போட வந்தியா?” என்று கதவைச் சாத்திவிட்டாராம். அதற்கடுத்த மாதம் அரிசியும் முட்டையுமாகப் போனாள். “ஒனக்குன்னு எடுத்து வச்ச படையல் இது. நீதான் உசுரோட இருக்கியே, நீயே உக்காந்து தின்னு” என்றாளாம். அதற்கு மேல் பீவிம்மாவால் மறுக்க முடியவில்லை. அது வழக்கமாகிவிட்டது. மாசம் ஒரு நாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு இரண்டு மைல் நடந்து போவாள். சீனி போட்ட சேமியா ஒரு தூக்கில் திரும்பி வரும். பேசப் பேசத்தான் தெரிந்ததாம், பீவிம்மாவும் தன் தெருவில் செத்துப்போகிற பெண்களை, அவர்கள் பாஷையில் மய்யித்துக்களை, குளிப்பாட்டுகிறவர் என்று. இரண்டு பேரும் அந்தக் கதைகளைப் பேசிப் பேசிச் சிரிப்பார்களாம். அதில் சிரிக்க என்ன இருக்கிறதோ, அவர்களுக்குத்தான் தெரியும்.

வாசலில் செருப்புச் சத்தம் நின்றுவிட்டதா என்று ஒருநாள் கேட்டேன். “அவ இப்ப வந்து நிக்கிறதில்ல. வேற ஆளுவ வர ஆரம்பிச்சுட்டாங்க” என்றாள்.

ஒவ்வொரு மாதமும் என்னிடம் அவள் கேட்பது ஒன்றுதான். “பீவி எத்தனாவது?” முப்பத்தெட்டு என்பேன். முப்பத்தாறு என்பேன். கேட்டுக்கொண்டு, வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பை விரலில் தொட்டு, அடுப்படிச் சுவரில் பொட்டு வைப்பாள். எத்தனை குறைந்ததோ அத்தனை பொட்டு.

“இது எதுக்கு அத்தை?”

“போனவங்க. பேரு கேக்க எனக்குப் பயமா இருக்கு. பொட்டாவது வைக்கலாமுல்ல.”

இரண்டேகால் வருஷம் அந்தச் சுவரில் பொட்டுகள் ஏறின. அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் நான் எழுதாமல் விட்ட ஒரு வரியின் வட்டி என்று எனக்குத் தோன்றும். தோன்றியதும் வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

போன பங்குனியில் பட்டியல் வந்தது. பீவிம்மா முதலாவது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்னமோ நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி, பைக்கை எடுத்துக்கொண்டு நேரே அத்தை வீட்டுக்கு ஓடினேன். அவள் கொட்டைப் பாக்கை வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, பீவிம்மா ஒண்ணாம் நம்பர். இன்னும் ஒரே ஒரு ஆள் போனாப் போதும்.”

பாக்குவெட்டி நின்றது. “ஒரே ஒரு ஆளா?”

“ஒரே ஒரு ஆள்.”

“அப்ப கிட்ட வந்துருச்சு” என்று சிரித்தாள். எழுந்து போய்ச் சுவரில் பொட்டு வைத்தாள். எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். நான் மென்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அப்படிப்பட்ட மடையன் நான்.

அதிலிருந்து இருபத்து நாலாம் நாள் காலையில் அத்தை எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பார்த்துவிட்டுக் கத்தியிருக்கிறாள். பிரஷர், சர்க்கரை இரண்டும் இருந்ததே, தூக்கத்திலேயே போய்விட்டாள், புண்ணியவதி என்றார்கள்.

குளிப்பாட்ட யார் முன்னால் போவது என்று பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பதினோரு மணி மினிபஸ்ஸில் பீவிம்மா வந்து இறங்கினார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. துப்பட்டியை மடித்து வைத்தார், கைகளை மேலே ஏற்றிக்கொண்டார். “தண்ணி எங்க?” என்றார். எங்கள் பெண்கள் வழிவிட்டார்கள். மறைப்புக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. “திரும்பு ராசம்மா, முதுகு தேய்க்கணும்ல.”

நான் இறப்பைப் பதிய ஆதார் அட்டை தேடி உள்ளே போனேன். டிரங்குப் பெட்டியில், அட்டைக்குப் பக்கத்திலேயே, மாதாமாதம் நர்ஸ் வீட்டுக்கு வந்து கொடுக்கிற மாத்திரைகள் இருந்தன. போன மாதம் வரை எல்லாப் பட்டையும் காலி. இந்த மாதத்துப் பட்டைகளில் ஒரு மாத்திரைகூட உடைக்கப்படவில்லை. வயசாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு அடுப்படிச் சுவரைப் பார்த்தேன்.

நாற்பத்தொன்றிலிருந்து ஒன்றுக்கு வர நாற்பது பேர் போக வேண்டும். நாற்பது பொட்டு இருக்க வேண்டும். எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். நாற்பத்தொன்று இருந்தது. கடைசிப் பொட்டு மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக, பளிச்சென்று இருந்தது.

கட்டைவிரலை எச்சிலில் தொட்டு அந்த ஒன்றை மட்டும் அழித்தேன். வெளியே வந்து யாரிடமும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே இறப்பு அறிக்கையை எழுதினேன். அதில் தேதி சரியாக இருந்தது.

வைகாசியில் பீவிம்மாவுக்கு உத்தரவு வந்தது. நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். யாருடைய இடம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் தாலுகா முழுக்க ஒரே லிஸ்ட்டு என்று சொல்லத் தயாராகப் போயிருந்தேன்.

முதல் பணம் வந்த மறுநாள் மத்தியானம் பீவிம்மா கரைவெளிக்கு வந்தார். என்னைக் கூட்டிக்கொண்டு அத்தை வீட்டுக் கொல்லைக்குப் போனார். பையிலிருந்து ஒரு வாழையிலையை எடுத்துத் தரையில் விரித்தார். சோறு, கருவாட்டுக் குழம்பு, ஓரத்தில் வெற்றிலை, பாக்கு, ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு.

“எங்க மார்க்கத்துல இது கெடையாது. ஆனா அவ இதுக்குத்தான் காத்திருப்பா” என்றார். “காக்காவ எப்படிக் கூப்புடுறது? எனக்குத் தெரியாது. நீ கூப்புடு.”

வாயைத் திறந்தேன்.  கூப்பிட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. பூவரச மரத்திலிருந்து காக்கை தானாக இறங்கியது. சுற்றிப் பார்க்கவில்லை, கழுத்தைச் சாய்க்கவில்லை. நேரே இலையில் உட்கார்ந்து சோற்றை எடுத்தது.

பீவிம்மா அது தின்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“மூணு நாளும் வந்தியா தம்பி?”

“இல்ல பீவிம்மா” என்றேன். “ஒரு நாள்தான் வந்தேன்.”

“தெரியும். அவளுக்கும் தெரியும்” என்றார் அவர். “நீயா வந்து சொல்லுவேன்னு கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தா.”